ஓர் உத்தியின் பூர்வ சரித்திரம்

நித்தியம் கண்டு சலித்த பொருளை, அதன் பெயரைக்கூடச் சொல்லாமல், அன்றுதான் முதன்முதலாகக் காண்பவர்போல வர்ணித்து வாசகரைத் திகைக்க வைக்கும் உத்தி, இன்றைய சிறுகதைகளில் சர்வசாதாரணமாகிவிட்டது. பரிச்சய நீக்கம் என்று நாம் வழங்கும் இதற்கு லட்சணம் வகுத்தவர், யுத்தமும் புரட்சியும் ருஷிய தேசத்தைக் கலக்கிக்கொண்டிருந்த 1917-ஆம் ஆண்டில், 24 வயது இளைஞராயிருந்த விக்தர் ஷ்க்லோவ்ஸ்கி.

அறையைத் துடைத்துக்கொண்டே வந்த டால்ஸ்டாய், சோபாவைத் துடைத்தோமா இல்லையா என்பது நினைவுக்கு வராமல் திகைத்து, பிரக்ஞையின்றிக் கழியும் வாழ்க்கை வாழப்படாத வாழ்க்கைக்கே சமானம் என்று 1897-இல் தமது நாட்குறிப்பில் எழுதிவைத்திருந்தார். அதையே ஆதாரமாகக் கொண்ட ஷ்க்லோவ்ஸ்கி, பழக்கம் விழுங்கிவிட்ட உலகத்தை மீட்டு நம் புலன்களுக்குத் தருவதே கலையின் பிரயோஜனம் என்று வாதித்தார்.

இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்பது நம் முன்னோர் கண்ட நியதி; அது இங்கும் பொய்க்கவில்லை. ஷ்க்லோவ்ஸ்கி எடுத்துக்காட்டிய கதைகளுள் தலையாயது, டால்ஸ்டாய் 1863-இல் தொடங்கிய, 1886-இல் வெளிவந்த 'ஹோல்ஸ்தொமேர்'. காயடிக்கப்பட்ட கிழக் குதிரையொன்று, இரவுதோறும் மற்றக் குதிரைகளுக்குத் தன் சரித்திரத்தைச் சொல்லுகிறது. தன்மீது ஏறிச் செல்லாதவனும் தனக்குத் தீனி வைக்காதவனும் தன்னை 'என்னுடையது' என்று சொல்லிக்கொள்வதும், கண்ணால் காணாத நிலத்தையும் குடியிருக்காத வீட்டையும் மனிதர்கள் அவ்வாறே உரிமை பாராட்டுவதும் அதன் அறிவுக்கு எட்டவில்லை. பண்ணையடிமை முறை 1861-இல்தான் சட்டத்தால் ஒழிந்த தேசத்தில், இது வெறும் விநோதக் கற்பனை அன்று.

பிற்காலத்தில் சோவியத் ஆட்சியின் கீழ், இலக்கியத்தின் உருவத்தையே முதன்மையாகக் கொண்ட ஷ்க்லோவ்ஸ்கி முதலிய உருவவாதிகள்மீது கண்டனம் வலுத்தபோது, அவர் 1930-இல் தம் கொள்கையைத் தாமே பகிரங்கமாக மறுத்துரைக்க நேர்ந்தது. ஆயினும் கொள்கை பிழைத்துக்கொண்டு, மொழிபெயர்ப்புகளின் வாயிலாகத் தேசந்தோறும் பரவிற்று.

அது பரவியதிலேயே ஓர் ஆபத்தும் இருந்தது. பழகியது மழுங்கும் என்ற விதி, அந்த விதியிலிருந்து பிறந்த உத்திக்கும் பொருந்துமல்லவா? நாயும் காக்கையும் பிரேதமும் கதை சொல்லக் கேட்டுப் பழகிய வாசகருக்கு, இனியொரு மிருகம் வாய் திறப்பதில் அதிசயம் ஏதுமில்லை. டால்ஸ்டாயின் குதிரையை இன்னும் நாம் செவிமடுப்பதற்குக் காரணம் அது பேசுவது அன்று; உடைமையைப் பற்றிக் கேள்வி எழுப்புவது அங்கே ஓர் உடைமைப் பொருளே என்பதுதான். விஷயத்தின் கர்ப்பத்திலிருந்து பிறந்த பார்வை நிலைக்கும். வெளியிலிருந்து பூட்டப்பட்டது சீக்கிரமே வழக்கமாகிவிடும்.