டெங்குவும் எதிர்ப்பொருளும்: ஒரு கருதுகோளின் வரலாறு

டெங்கு இரண்டாம் முறை வந்தால் முதல்முறையைவிட மோசமாகலாம் என்பது இன்று மருத்துவ மாணவர்களுக்குப் பாலபாடம். முதல் தொற்றில் உடலைக் காக்க உருவான எதிர்ப்பொருளே, வேறு வகை டெங்கு வைரஸ் நுழையும்போது அதற்குத் துணைபோய்விடுகிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் முதன்மையான காரணம். இந்தக் கருத்து 1960களில் பாங்காக்கில் உருவெடுத்தது. மனிதர்களிடம் அளந்து காட்டப்பட்டது 2017இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் சான்றுகள் எப்படிச் சேர்ந்தன, எப்போது அவை போதுமானவை ஆயின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தடுப்பூசிக் கொள்கை எச்சரிக்கையோடு நடந்துகொள்ளத் தேவையான சான்று 1990களின் இறுதிக்குள்ளேயே கையில் இருந்தது என்பது என் முடிவு.

போர்க்கால ஆய்வுகள்

1943இல் நாகசாகியில் ரென் கிமுராவும் சுசுமு ஹோட்டாவும் டெங்கு வைரஸைப் பிரித்தெடுத்தனர். இரண்டாம் உலகப் போரின் மறுபக்கத்தில், பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படைவீரர்கள் கூட்டங்கூட்டமாக டெங்குவில் படுத்தார்கள். பின்னாளில் போலியோ சொட்டு மருந்தால் உலகறிந்த ஆல்பர்ட் சேபின் அப்போது படை மருத்துவர். ஹவாயிலிருந்தும் நியூ கினியிலிருந்தும் கிடைத்த வைரஸ்களைத் தன்னார்வலர்களுக்குச் செலுத்திப் பார்த்த அவர், அவை ஒன்றல்ல, இரண்டு வகை என்று கண்டார். ஒரு வகை வந்துபோனவருக்கு அதே வகை திரும்ப வருவதில்லை. மற்ற வகைக்கு எதிரான காப்போ முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு மட்டுமே இருந்தது, பிறகு தேய்ந்துவிட்டது. இந்தத் தேய்வுதான் பிற்கால ஆய்வு முழுவதற்கும் அடிப்படை. ஆனால் தன்னார்வலர் எவருக்கும் நோய் கடுமையாகவில்லை. டெங்கு, உயிருக்கு ஆபத்தில்லாத காய்ச்சல் என்ற எண்ணமே நிலைத்தது.

1950களில் ஜோர்டி காசால்ஸ் சீரப் பரிசோதனைகளைக் கொண்டு கொசுவழி வைரஸ்களைக் குழுக்களாகப் பிரித்தார். டெங்கு, மஞ்சள் காய்ச்சல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல், வெஸ்ட் நைல் ஆகிய நான்கும் ஒரே குழுவில் விழுந்தன. ஒன்றுக்கு உருவான எதிர்ப்பொருள் மற்றொன்றையும் அடையாளம் காணும்; ஆனால் முடக்கிவிடும் என்பதற்கு உறுதியில்லை. நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கேரி, மையர்ஸ் குழுவினர் 1965இல் வெளியிட்ட அறிக்கையின் நாயகர், மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர். அவருக்கு முதலில் நான்காம் வகை டெங்குவும் பின்னர் முதல் வகையும் வந்தன. உறவுக்கார வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் அவரைக் காக்கவில்லை.

பாங்காக்கின் புதிர்

1950களின் நடுவில் மணிலாவிலும் 1958இல் பாங்காக்கிலும் குழந்தைகள் ஒரு புதிய நோயால் இறந்தார்கள். காய்ச்சல் தணியும் நேரத்தில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும், தட்டணுக்கள் குறையும், இரத்த அழுத்தம் சரிந்து குழந்தை சில்லிட்டுப்போகும். பாங்காக்கில் அந்த ஓராண்டில் சுமார் 2,500 குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தை பிழைக்கவில்லை. மணிலா நோயாளிகளை ஆராய்ந்த வில்லியம் ஹேமன் டெங்குவின் மூன்றாம், நான்காம் வகைகளைக் கண்டறிந்தார். வைரஸ் டெங்குதான் என்று தெரிந்தபின் கேள்வி கூர்மையாயிற்று: சேபின் கண்ட சாதுவான காய்ச்சல் இங்கே ஏன் குழந்தைகளைக் கொல்கிறது?

1960களின் தொடக்கத்தில் பாங்காக்கில் அமெரிக்கப் படை ஆய்வகத்தில் பணியாற்றிய ஸ்காட் ஹால்ஸ்டெட், குழந்தைகள் மருத்துவமனையின் சுசித்ரா நிம்மன்னித்யா போன்ற தாய்லாந்து மருத்துவர்களோடு சேர்ந்து நோயாளிகளின் சீரங்களை வரிசையாக அளந்தார். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளில் கடுமையாக நோயுற்றவர்களிடம் எதிர்ப்பொருள் மிக விரைவாக, மிக உயரமாக எழுந்தது. உடல் இதற்கு முன்பே ஒரு டெங்குவைப் பார்த்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அதே நகரில் வாழ்ந்த வெளிநாட்டவருக்கும் டெங்கு வந்தது. ஆனால் அதிர்ச்சி நிலைக்குப் போகவில்லை. அவர்களுக்கு அது முதல் தொற்று.

இதற்கு முற்றிலும் முரணாக இன்னொரு கூட்டம் இருந்தது. ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரையுள்ள கைக்குழந்தைகளும் அதே கடுமையோடு வந்தார்கள். அவர்களுக்கு அது முதல் தொற்றேதான். அப்படியானால் இரண்டாம் தொற்றுக் கொள்கை உடைகிறதா? இல்லை. அக்குழந்தைகளின் தாய்மார்களிடம் டெங்கு எதிர்ப்பொருள் இருந்தது. கருவிலேயே அது குழந்தைக்குக் கடந்திருந்தது. பிறந்த புதிதில் அது காக்கிறது. மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. முற்றிலும் மறைவதற்கு முன்னான இடைநிலையில்தான் நோய் கடுமையாகிறது. மூத்த குழந்தைக்கும் கைக்குழந்தைக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே: தொற்றுக்கு முன்பே இரத்தத்தில் இருந்த, போதாத எதிர்ப்பொருள். டெங்கு ஆய்வின் வரலாற்றிலேயே மிகத் தெளிவான தர்க்கம் இது என்பேன். எந்த நவீனக் கருவியும் இல்லாமல், வயதையும் சீரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் கிடைத்தது.

இதற்கான இயங்குமுறை வேறிடத்திலிருந்து வந்தது. 1964இல் ஆஸ்திரேலியாவின் ராய்ல் ஹாக்ஸ், கோழிகளிடம் உருவாக்கிய எதிர்ப்பொருளை மிகவும் நீர்த்துக் கொசுவழி வைரஸ்களோடு கலந்தபோது, தொற்று குறைவதற்குப் பதில் கூடியதைக் கண்டார். அதை அப்போது யாரும் டெங்குவோடு சேர்த்துப் பார்க்கவில்லை. 1977இல் ஹால்ஸ்டெட்டும் ஓ'ரூர்க்கும் குரங்கு, மனித வெள்ளையணுக்களில் அதே நிகழ்வை டெங்கு வைரஸைக் கொண்டு காட்டினர். எதிர்ப்பொருளின் ஒரு முனை வைரஸைப் பற்றுகிறது. வால்முனை விழுங்கணுக்களின் ஏற்பிகளில் பொருந்துகிறது. வைரஸின் மேற்பரப்பில் போதிய அளவு எதிர்ப்பொருள் ஒட்டினால் அது முடங்கும். குறைவாக ஒட்டினால் முடங்காமலேயே விழுங்கணுவுக்குள் போய்ச் சேர்ந்து, அங்கேயே பெருகும். 1979இல் ஹால்ஸ்டெட் ரீசஸ் குரங்குகளுக்கு டெங்கு எதிர்ப்பொருள் கொண்ட மனிதச் சீரத்தைச் சிறிதளவு செலுத்திப் பின் வைரஸைச் செலுத்தினார். அவற்றின் இரத்தத்தில் வைரஸ் கூடியது.

எதிர்வாதமும் கியூபாவும்

டெங்கு ஆய்வாளரான லியன் ரோசன் இந்த எதிர்ப்பொருள் விளக்கத்தை ஏற்கவில்லை. 1972இல் பசிபிக்கின் நியுவே தீவில் டெங்கு பரவியபோது, முன்தொற்று இல்லாதவர்களும் இரத்தக்கசிவால் இறந்ததை அவர் சுட்டிக்காட்டினார். கடுமை வைரஸின் குணம் என்றார். அவர் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. இலங்கையில் 1989க்கு முன்பே நான்கு வகைகளும் புழங்கின. இரண்டாம் தொற்றுகளும் நிகழ்ந்தன. ஆயினும் இரத்தக்கசிவு டெங்கு அரிதாகவே இருந்தது. 1989க்குப் பின் அது பெருகியபோது மூன்றாம் வகையின் ஒரு புதிய கிளை அங்கே பரவியிருந்ததை அரவிந்த டி சில்வா உள்ளிட்டோரின் மரபணு ஆய்வு காட்டியது. எதிர்ப்பொருள் வழிவிட்டாலும், அந்த வழியைப் பயன்படுத்திக்கொள்ளும் திறன் எல்லா வைரஸுக்கும் ஒரே அளவில் இல்லை.

கேள்வியைத் தீர்த்தது கியூபா. நெடுங்காலம் டெங்கு இல்லாதிருந்த அத்தீவில் 1977இல் முதல் வகை பரவி, மக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோரைத் தொற்றியது. 1981இல் இரண்டாம் வகை வந்தது. 3,44,203 பேருக்குக் காய்ச்சல். 158 பேர் இறந்தார்கள். அவர்களில் 101 பேர் குழந்தைகள். பின் பதினாறு ஆண்டு அமைதி. 1997இல் சாண்டியாகோ நகரில் இரண்டாம் வகை மீண்டும் வந்தபோது, 205 பேருக்கு நோய் கடுமையாயிற்று. 12 பேர் இறந்தார்கள். இம்முறை குழந்தை ஒன்றுகூட இல்லை. இறந்தவர்கள் அனைவரும் பெரியவர்கள், அதாவது 1977இன் முதல் வகையைப் பார்த்த தலைமுறை. அதன்பின் பிறந்தவர்களுக்குத் தொற்றினாலும் பெரும்பாலும் அறிகுறிகூடத் தோன்றவில்லை. மரியா குவாதலூப்பே குஸ்மான் தலைமையிலான குழு இரு ஆண்டுகளையும் ஒப்பிட்டபோது, இரண்டாம் தொற்று கண்ட பெரியவர்களின் விகிதத்தில் பார்த்தால், இருபதாண்டு இடைவெளி நான்காண்டு இடைவெளியைவிட அதிக உயிர் குடித்திருந்தது. எதிர்ப்பொருள் காலப்போக்கில் பாதுகாப்பானதாக மாறிவிடும் என்ற நம்பிக்கைக்கு இதற்குப் பிறகு இடமில்லை.

அளவும் தரமும்

2010இல் கேவின் ஸ்க்ரீட்டன், மோங்கோல்சபயா குழுவினர், வைரஸின் சவ்வுப் புரதத்தின் முதிராத வடிவத்தைப் பற்றும் மனித எதிர்ப்பொருள்கள் நான்கு வகைகளையும் அடையாளம் கண்டு, எதையும் சரியாக முடக்காமல் தொற்றைப் பெருக்குவதைக் காட்டினர். 2012இல் டி சில்வாவின் குழு, உண்மையாகக் காக்கும் எதிர்ப்பொருள் முழு வைரஸின் கட்டமைப்பையே அடையாளம் காண்கிறது, தனிப் புரதத் துண்டை அல்ல என்றது. பரிசோதனைக்கூடத்தில் தனிப் புரதத்தைக் கொண்டு அளக்கும் செறிவு, உடலுக்குள் இருக்கும் பாதுகாப்பைச் சொல்லாது என்பது இதன் பொருள்.

இறுதிச் சான்று நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவிலிருந்து வந்தது. அங்கே 2004 முதல் தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட 6,684 குழந்தைகளின் 41,302 சீர மாதிரிகளை லியா கட்செல்னிக், ஈவா ஹாரிஸ் ஆகியோர் ஆராய்ந்தனர். சீரத்தை 21 முதல் 80 மடங்கு வரை நீர்த்தாலும் தெரிந்து, அதற்குமேல் நீர்த்தால் தெரியாத அளவுக்கு எதிர்ப்பொருள் கொண்ட குழந்தைகளுக்கு, எதிர்ப்பொருளே இல்லாத குழந்தைகளைவிட நோய் கடுமையாகும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் இருந்தது. அதைவிட அதிகம் இருந்தவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. ஹால்ஸ்டெட் கைக்குழந்தைகளிடம் கண்ட அதே இடைநிலைதான்.

இந்த ஆய்வு வெளியான 2017 நவம்பரிலேயே, டெங்வாக்ஸியா தடுப்பூசியின் தயாரிப்பாளரான சனோஃபி, டெங்கு முன்பு வராதவர்களுக்கு அது பின்னாளில் நோயைக் கடுமையாக்கலாம் என்று அறிவித்தது. அதற்குள் பிலிப்பைன்ஸில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அது போடப்பட்டிருந்தது. முன்னெச்சரிக்கை இல்லாமலில்லை. தடுப்பூசி போட்ட 2 முதல் 5 வயதுக் குழந்தைகளில் மூன்றாம் ஆண்டில் மருத்துவமனைச் சேர்க்கை கூடியதை 2015இல் வெளியான முடிவுகளே காட்டின. ஹால்ஸ்டெட்டும் 2016இல் வெளிப்படையாக எச்சரித்தார். ஆனால் சோதனையில் பங்கேற்ற பெரும்பாலோரிடம் ஊசிக்கு முன் இரத்தம் எடுக்கவே இல்லை. யாருக்கு முன்தொற்று இருந்தது என்று தெரியாது. மஞ்சள் காய்ச்சல் வைரஸின் உடலில் கட்டப்பட்ட தடுப்பூசி அது என்பதால், அதில் இல்லாத டெங்குவின் என்எஸ்1 புரதத்துக்கான எதிர்ப்பொருளைத் தேடி, இயற்கைத் தொற்று கண்டவர்களைப் பின்னர் பிரித்தறிந்தார்கள். தொடக்கத்திலேயே ஒரு குழாய் இரத்தம் எடுத்துவைத்திருந்தால் இந்தச் சுற்றுவழி வேண்டியிருக்காது. 1997இன் சாண்டியாகோவுக்குப் பிறகு, அந்த ஒரு குழாயைத் தவிர்த்ததற்கு அறிவியல் நியாயம் எதுவும் இல்லை.

இந்தியாவில் 2017-18இல் நடந்த தேசியச் சீர ஆய்வில், சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் தென்னிந்தியரில் 76.9 விழுக்காட்டினருக்கு டெங்கு எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டது. நாடு முழுவதும் 5 முதல் 8 வயதுக் குழந்தைகளில் அது 28.3 விழுக்காடு மட்டுமே. பத்தில் ஏழு குழந்தைகள் இன்னும் டெங்குவைப் பார்க்காதவர்கள். 2024 ஆகஸ்டில் நாட்டின் முதல் உள்நாட்டு டெங்கு தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை, 10,335 பெரியவர்களை இரண்டு ஆண்டுகள் கண்காணிக்கும் திட்டத்துடன் தொடங்கியது. இது வேறு முறையில் உருவான தடுப்பூசி. டெங்வாக்ஸியாவின் குறையை அதன்மேல் ஏற்றுவது தவறு. ஆயினும் டெங்வாக்ஸியாவின் ஆபத்து மூன்றாம் ஆண்டில்தான் வெளிப்பட்டது. எனவே எந்த டெங்கு தடுப்பூசியையும் நம் குழந்தைகளுக்கு விரிவாக்கும் முன், ஒவ்வொரு குழந்தையிடமும் முதல் ஊசிக்கு முன்பே இரத்தம் எடுத்து வைக்க வேண்டும். முன்தொற்று இல்லாதவர்களின் முடிவுகளைத் தனியாக, குறைந்தது ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து வெளியிட வேண்டும்.