மலையேறும் சின்ன இரயில்



இமயமலைச் சாரலில் உள்ள டார்ஜிலிங், தேயிலைக்குப் பெயர்பெற்ற ஊர். 1878-இல் கல்கத்தாவிலிருந்து வந்த இரயில் பாதை, மலையடிவாரத்துச் சிலிகுரியோடு நின்றது. அதற்கு மேல் மாட்டு வண்டிதான். தேயிலைப் பெட்டி கீழே இறங்கவும், அரிசி மேலே ஏறவும் ஒரே சாலைதான் இருந்தது. சிலிகுரியில் டன் 98 ரூபாய்க்கு விற்ற அரிசி, மலைமேல் 238 ரூபாய்க்கு விற்றது. ஏற்றுக்கூலி உழைப்பவரின் சோற்றுப் பானையில்தான் கை வைத்தது.

இதைக் கணக்கிட்டுப் பார்த்தவர் பிராங்கிளின் பிரெஸ்டேஜ் என்ற இரயில்வே அதிகாரி. சாலை ஓரத்திலேயே தண்டவாளம் போடலாம் என்றார். 1879-இல் வேலை தொடங்கியது. 1881 ஜூலையில் வண்டி டார்ஜிலிங்கை எட்டியது. தண்டவாளத்தின் அகலம் இரண்டடி மட்டுமே. நம் நாட்டுக் கம்பிச்சடக்கின் அகலமோ ஒரு மீட்டர், அதாவது மூன்றடிக்கும் சற்று அதிகம். பாதை குறுகலாக இருந்ததால் மலையைக் குடையாமல், வளைவுகளில் நெளிந்து போக முடிந்தது.

இந்த வண்டி 2,258 மீட்டர் உயரமுள்ள கூம் நிலையம் வரை ஏறுகிறது. சில இடங்களில் வட்டமடித்துத் தன் பாதைக்கு மேலாகவே செல்லும். வேறு சில இடங்களில் முன்னே போய் நிற்கும், பின்னோக்கி ஏறும், மறுபடியும் முன்னே போகும். சக்கரம் வழுக்காமலிருக்க, எஞ்சின் முகப்பில் அமர்ந்து ஆட்கள் தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள்.

எந்தச் சாலை இந்த இரயிலைப் பெற்றெடுத்ததோ, அதே சாலை அதன் பிழைப்பையும் பறித்தது. சாலை சீரானதும் லாரிகள் வந்தன. லாரி தோட்டத்து வாசலுக்கே போகும். இரயில் சரக்கையோ, சிலிகுரியில் பெரிய வண்டிக்கு மாற்றி ஏற்றவேண்டும். மழையும் மண்சரிவும் வேறு தொல்லை. தீஸ்தா ஆற்றோரம் சென்ற கிளைப்பாதையை 1950-ஆம் ஆண்டு வெள்ளம் அழித்தது. அதை மீண்டும் போடவில்லை.

டார்ஜிலிங் பாதை தப்பியது. 1999-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2005-இல் தமிழ்நாட்டு நீலகிரி மலை இரயிலும் அந்த மதிப்பைப் பெற்றது. ஆனால் பட்டம் மட்டும் பாதையைக் காக்காது. 2010-ஆம் ஆண்டுச் சரிவால் துண்டான பாதையில், 2015 டிசம்பரில்தான் முழுத்தூரமும் மீண்டும் வண்டி ஓடியது. பழைய நீராவி எஞ்சின்களுக்குக் கடையில் உதிரிப்பாகம் கிடைக்காது. தேய்ந்ததைப் பணிமனையில் செய்தே ஆகவேண்டும். அந்தக் கைத்தொழில் தெரிந்தவர் இல்லாவிட்டால், எஞ்சின் வெறும் இரும்புதான்.

திட்டமிட்ட பிரெஸ்டேஜின் பெயர் நமக்குத் தெரிகிறது. பாறை உடைத்தவர், மணல் தூவியவர் பெயர்களை வரலாற்று நூல்கள் நமக்குச் சொல்வதில்லை.

நம் செம்பனைத் தோட்டங்கள் சிலவற்றிலும் குலை ஏற்றச் சின்னத் தண்டவாளங்கள் இருந்தன. டிராக்டரும் லாரியும் வந்தபின் அவற்றில் பல மறைந்தன. தண்டவாளத்தை நாம் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் அதில் வேலை செய்த பாட்டன்மாரின் பெயரை இன்றிரவே கேட்டு எழுதிவைக்கலாம். மாணவச் செல்வங்களே, அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.