ஒரு ஸ்பானிஷ் படம், இந்தியாவில் 2 ரீமேக்: ‘கான்ட்ராடியெம்போ’வில் அப்படி என்ன இருக்கு?

பூட்டிய ஹோட்டல் ரூம். உள்ளே காதலியின் சடலம், கூடவே ஒரு தொழிலதிபர். கொன்றது அவர்தானா? ஓரியோல் பாலோ எழுதி இயக்கி, 2016-ல் எடுத்த ‘கான்ட்ராடியெம்போ’வின் கதை இதுதான். ஹீரோ மரியோ காஸாஸ்.

2019-ல் சுஜாய் கோஷ் இதை இந்தியில் ‘பத்லா’வாக எடுத்தார். தொழிலதிபர் ரோலில் ‘ஆடுகளம்’ டாப்ஸி; வக்கீலாக அமிதாப் பச்சன். அதே வருஷம் தெலுங்கில் இதைத் தழுவி ‘எவரு’ வந்தது.

மூலக்கதையில் எல்லாத்துக்கும் ஆரம்பம் ஒரு ரோடு விபத்து. காரில் வந்தவர்கள் உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை, மறைத்துவிட்டார்கள். ஒரகடம்-ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஷிப்டுக்குப் போறவங்களுக்கு இது வெறும் சினிமா இல்லை. விபத்தில் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது, நம்ம மோட்டார் வாகனச் சட்டப்படி டிரைவரின் கடமை. முதல் வேலை, 108-க்கு போன்.