கடைசிப் பக்கத்து எழுத்துகள்

முதுகலை வகுப்பில் அச்சு வரலாறு நடத்தும்போதெல்லாம் ‘தம்பிரான் வணக்க’த்தின் நிழற்படியை மாணவர்களிடம் கொடுப்பது என் வழக்கம். புரட்டிப் பார்த்துவிட்டுப் ‘படிக்கவே முடியவில்லையே ஐயா’ என்பார்கள். மெய்க்குப் புள்ளி இல்லை. குறில் நெடில் மயக்கம் வேறு. அவர்கள் காணத் தவறுவது கடைசிப் பக்கம். 1577இல் கோவாவில் வார்த்த எழுத்தும் 1578இல் கொல்லத்தில் வார்த்த எழுத்தும் அங்கே மாதிரியாகத் தரப்பட்டுள்ளன.

நூலோ 16 பக்கம்தான். அதற்கு ஏன் இரண்டு முறை எழுத்து வார்க்க வேண்டும்?

கோவாவில் வார்த்த யுவான் கொன்சால்வெஸ் ஸ்பானியர். கருமார வேலை தெரிந்தவர். இரும்பைப் பழக்கியவருக்குத் தமிழ் எழுத்துப் பழக்கமில்லை. உரோமன் எழுத்துக்குச் சில பத்து அச்சுகள் இருந்தால் போதும். தமிழில் கால், கொம்பு முதலியவற்றைத் தனியே பிரித்துக் கோத்துக்கொள்ளலாம்; உகர ஊகார வரிசைகளோ ஒவ்வொன்றும் தனி உருவம் கேட்பவை. போதாக்குறைக்கு, கண்முன் இருந்த மாதிரிகள் ஏட்டெழுத்துகள். எழுத்தாணி கீறும் கோடு ஒரே மெலிவாக ஓடும். மை தொட்டுத் தாளில் பதியும் உலோகத்துக்கு எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று எந்த ஏடும் சொல்லித் தராது.

அடுத்த ஆண்டே கொல்லத்தில் ஜோவான் டி ஃபாரியா புதிதாக வார்த்தார். முதல் எழுத்தைப் படித்துப் பார்த்தவர்கள் மனநிறைவு கொள்ளவில்லை என்றே நான் கருதுகிறேன். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் அச்சுப் பணிக்கு 400 குருசாதோ கொடுத்தவர்கள். காசு கொடுத்தவன் குறை சொல்லாமல் இருப்பானா? 1554இல் லிஸ்பனில் வெளிவந்த ‘கார்த்தில்யா’விலும் தமிழர் உழைப்பு உண்டு, ஆனால் அங்கே தமிழ் உரோமன் எழுத்தில்தான் நின்றது. கொல்லத்தில்தான் தமிழ் தன் உருவத்தோடு, 1578 அக்டோபர் 20 அன்று நூலாயிற்று. வார்த்தவர் பெயர் நிலைத்துவிட்டது. ‘இந்தச் சுழி தவறு’ என்று விரல் வைத்துக் காட்டியவரின் பெயரை எந்தப் பக்கமும் சொல்லவில்லை. எனக்கு அந்த விரல்தான் முக்கியம்.

தரங்கம்பாடியிலும் ஏறத்தாழ இதுவே நடந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. உருவம் பெரிது, தாளை விழுங்கியது. புதிய ஏற்பாடு அச்சேறிக்கொண்டிருக்கையிலேயே சிறிய எழுத்தை இங்கேயே வார்த்துக்கொண்டு 1715இல் வேலையை முடித்தார்கள். கடல் கடந்து அனுப்பும் திருத்தத்தைவிடப் பட்டறையில் பக்கத்தில் நின்று சொல்லும் திருத்தம் விரைவாக வேலை செய்யும்.

எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாட்டை வீரமாமுனிவர் சீர்செய்தார். போட்டிச் சபையாரின் தரங்கம்பாடி அச்சகமே அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை அச்சிட்டது என்பது சுவையான செய்தி.

கொல்லத்து நூலுக்கு 400 வயதான 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. நான் பள்ளியில் படித்தது புதிய ‘லை’. என் தாயார் கடைசிவரை கடிதங்களில் பழைய கொம்பு ‘லை’யையே எழுதிவந்தார். என் விடைத்தாள்களைப் பார்க்கும்போதெல்லாம், ‘துதிக்கையை வெட்டிவிட்டார்களே’ என்பார்.