கர்லாக்கட்டையிலிருந்து டபாட்டா வரை

"மாமா, சும்மா பாட்டுப் போட்டுட்டு டிரெட்மில்லில் நடக்கவிடுற ஜிம் வேண்டாம். ஆளைப் பிழிஞ்சு எடுக்கணும். அப்படி ஒரு இடம் மெட்ராஸ்ல எங்க இருக்கு?"

போன மாதம் வேளச்சேரியிலிருந்து தொலைபேசியில் என் தங்கை மகன் கேட்டது இது. மென்பொருள் வேலை. காலை முதல் இரவு வரை நாற்காலி. அவன் என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 1970களில் வேலை பழகுவதற்காக வடசென்னையில் தங்கியிருந்தபோது இரண்டு வருடம் ஒரு தேகப்பயிற்சி சாலைக்குப் போனவன் நான். அந்தக் கதையை வீட்டில் எல்லோருக்கும் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவர்களும் பொறுமையாகக் கேட்டிருக்கிறார்கள்!

அவனுக்கு அன்றைக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் கஷ்டத்தைக் காசு கொடுத்து வாங்கும் இந்தப் பழக்கம் எப்போது வந்தது, எப்படி வந்தது என்று யோசித்தபோது விஷயம் நீண்டுகொண்டே போனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவன் வேண்டாம் என்ற டிரெட்மில். அது பிறந்தது சிறைச்சாலைக்காக. 1818இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கைதிகள் சும்மா இருக்கக் கூடாது என்று ஒரு பெரிய படிச்சக்கரத்தை வடிவமைத்தார். கைதிகள் வரிசையாக நின்று மணிக்கணக்கில் அதன் படிகளை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏறுவார்கள், ஆனால் எங்கேயும் போய்ச் சேர மாட்டார்கள். கொடுமை என்று சொல்லி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டனே அதைக் கைவிட்டது. இன்று அதே பெயரில் ஓடும் இயந்திரத்துக்கு நாம் மாதச் சந்தா கட்டுகிறோம். நம் பள்ளிகளில் தண்டனையாக இருந்த தோப்புக்கரணத்தையும் இப்போது மூளைக்கு நல்லது என்று வகுப்பு வைத்துச் சொல்லித்தருகிறார்கள்.

கட்டை போய் வந்த பயணம்

எங்கள் தேகப்பயிற்சி சாலையில் இயந்திரம் எதுவும் கிடையாது. மண் தரை, கூரை, சுவரில் ஆஞ்சநேயர் படம், மூலையில் கர்லாக்கட்டைகள். தண்டால், பஸ்கி, கர்லா, அவ்வளவுதான். வாத்தியார் முதல் ஒரு மாதம் என்னைக் கட்டையைத் தொடவே விடவில்லை. "தோள் பழகட்டும், கட்டை எங்கேயும் ஓடிடாது" என்பார். பத்து தண்டால் ஒழுங்காக எடுத்தால்தான் பதினொன்றாவது. இடுப்பு தொய்ந்தால் அந்தத் தண்டால் கணக்கில் வராது.

அந்தக் கர்லாக்கட்டை உலகம் சுற்றியது என்று அப்போது எனக்குத் தெரியாது. நம் மல்லர்கள் சுழற்றுவதைப் பார்த்த பிரிட்டிஷ் ராணுவத்தினர் அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். 19ஆம் நூற்றாண்டில் "இந்தியன் கிளப்" என்ற பெயரில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது பெரிய மோகமாக ஆனது. பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் சுழற்றுவதற்காகக் கனம் குறைத்துக் கடைந்தார்கள். 1904இலும் 1932இலும் ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது. 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கம் வாங்கியவர் ஜார்ஜ் ராத் என்ற அமெரிக்கர். பொருளாதார மந்தத்தில் வேலை இல்லாமல் இருந்தவர். பதக்கத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வழியில் போன வண்டியை மறித்து வீடு போய்ச் சேர்ந்தார் என்று சொல்வார்கள். கனம் குறைந்த அந்த மரக்கட்டை திரும்பவும் கடல் தாண்டி நம் பள்ளிகளுக்கு டிரில் சாமானாக வந்து சேர்ந்தது.

சாண்டோ என்ற சொல்

தமிழர்கள் வாயில் இன்றும் புழங்கும் ஒரு ஜெர்மானியர் பெயர் உண்டு. கையில்லாத பனியனை "சாண்டோ பனியன்" என்கிறோமே, அவர்தான். யூஜின் சாண்டோ. 1867இல் பிறந்தவர். மேடையில் தன் உடலைக் காட்டியே புகழ் பெற்றவர். 1904-05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அதன்பின் பலசாலி என்றாலே சாண்டோ என்று ஆகிவிட்டது. கோயம்புத்தூரில் தேகப்பயிற்சியில் ஊறி வளர்ந்து, சினிமாவுக்கு வந்து, பெரிய தயாரிப்பாளரான முருக பக்தர் சின்னப்பா தேவருக்கு அந்தப் பெயர் முன்னொட்டாகவே ஒட்டிக்கொண்டது. 7 அடி உயர முருகன் நிற்கும் எங்கள் வல்லக்கோட்டையில் அவர் பெயரைச் சொன்னால் பெரியவர்களுக்கு இன்றும் முகம் மலரும்.

சாண்டோவின் வழி உடலைச் செதுக்கும் வழி. இன்னொரு வழி 1920இல் சென்னையில் தொடங்கியது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகப் போனவரும் அவர்தான். நந்தனத்தில் இன்றும் அந்தக் கல்லூரி இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகளில் விசிலோடு நின்ற டிரில் மாஸ்டர்களில் எத்தனையோ பேர் அங்கே படித்து வந்தவர்கள். உடற்பயிற்சியைச் சொல்லித்தருவதே ஒரு படிப்பு, அதற்கும் பட்டம் வேண்டும் என்ற எண்ணம் இந்தப் பக்கம் வேரூன்றியது அங்கிருந்துதான்.

மூன்று நிமிடம் அடி, ஒரு நிமிடம் மூச்சு

என் தங்கை மகன் கேட்ட "பிழிஞ்சு எடுக்கிற" இடம் அந்தக் காலச் சென்னையில் இல்லாமல் இல்லை. வடசென்னையில் குத்துச்சண்டைப் பரம்பரைகள் இருந்தன. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று. 2021இல் வந்த சினிமாவால் இப்போது எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்களும் மாலுமிகளும் ஆடியதைப் பார்த்து, துறைமுகத்தை ஒட்டிய உழைப்பாளி மக்கள் தமதாக்கிக்கொண்ட விளையாட்டு அது. பகலெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு, விடியலில் கடற்கரை மணலில் ஓடினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1867இல் வந்த குவீன்ஸ்பெரி விதிகளின்படி ஒரு சுற்று 3 நிமிடம், இடையில் ஓய்வு 1 நிமிடம். பயிற்சியும் அதே தாளத்தில்தான். முழு மூச்சோடு கொஞ்ச நேரம், பிறகு ஓய்வு, மறுபடியும் முழு மூச்சு. இன்றைக்கு ஹெச்.ஐ.ஐ.டி. என்று பலகை மாட்டி விற்கும் சரக்கின் எலும்புக்கூடு இதுதான்.

ஓட்டப்பந்தயத்தில் இதை ஒரு முறையாக ஆக்கியவர்களில் முக்கியமானவர் ஜெர்மன் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லர். அவரிடம் பழகிய ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார். பிறகு செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜாட்டோபெக். 400 மீட்டரை வேகமாக ஓடுவது, மெதுவாக ஓடி மூச்சு வாங்குவது, திரும்ப ஓடுவது. இப்படியே நாள் முழுக்க. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மராத்தான் மூன்றிலும் தங்கம்.

நான்கு நிமிடத்தின் கதை

கடைசியாக டபாட்டா. ஜப்பானிய ஆய்வாளர் இஸுமி டபாட்டா 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜப்பானின் ஐஸ் சறுக்கு வீரர்களுக்கு அவர்களுடைய பயிற்சியாளர் கொடுத்து வந்த பயிற்சியை அளந்து பார்த்ததன் விளைவு அது. 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டுத் தடவை. மொத்தம் 4 நிமிடம். 6 வாரத்தில், வாரம் 5 நாள் ஒரு மணி நேரம் நிதானமாக மிதித்தவர்களுக்கு நிகராக இவர்களுக்கும் மூச்சுத் திறன் கூடியது. அதோடு, மூச்சுப் பிடித்து உழைக்கும் திறன் 28 சதவீதம் உயர்ந்தது. நிதானமாக மிதித்தவர்களுக்கு அது உயரவே இல்லை.

"4 நிமிடம் போதும்" என்று விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டது இரண்டு. ஒன்று, அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஏற்கனவே பயிற்சி பெற்ற இளைஞர்கள். இரண்டு, அவர்கள் செய்தது ஆய்வுக்கூடத்தில், நிலையாக நிற்கும் சைக்கிளில், அளவு பார்க்க ஆட்கள் பக்கத்தில் நிற்க.

2000இல் அமெரிக்காவில் கிராஸ்ஃபிட் நிறுவனமாக வந்தது. பெங்களூரில் 2016இல் தொடங்கிய நிறுவனம் ஒன்று கல்ட் என்ற பெயரில் பல நகரங்களில் கூட்டு வகுப்புகளைப் பரப்பியது. சென்னையிலும் திறந்த மைதானத்தில் விடிகாலை வகுப்பு, கெட்டில்பெல், கயிறு, டயர் எல்லாம் வந்துவிட்டன. கெட்டில்பெல் ரஷ்யச் சந்தையில் தானியம் நிறுக்கும் எடைக்கல்லாக இருந்தது. தென்மாவட்ட ஊர்களில் கிடக்கும் இளவட்டக்கல்லைத் தூக்கியவனுக்கு அது புதிதாகத் தெரியாது.

எங்கள் சாலையில்

இவ்வளவு வரலாற்றையும் நான் புரட்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு.

ஒரகடம் மேம்பாலத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில்தான் எங்கள் ஊர். 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது. 2010க்குப் பிறகு ஒரகடம் முழுக்க கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் என்று ஆகிவிட்டது. ஏரிப் பாசனத்தில் ஏர் ஓட்டிய ஊர்களில் இன்று மூன்று ஷிப்டு. வெளிமாவட்டப் பையன்கள் அறைக்கு நாலு பேர், ஐந்து பேராகத் தங்கியிருக்கிறார்கள். சாலை ஓரம் ஜிம்களும் முளைத்துவிட்டன.

எங்கள் தெருவில் தங்கியிருந்த ஒரு பையனுக்கு 22 வயது. ஒப்பந்தத் தொழிலாளி. போன வருடம் மே மாதம், இரவு ஷிப்டு முடித்து, தூங்காமல், ஒரு பயிற்சிக்கூடத்தின் "30 நாள் சவால்" வகுப்புக்கு நேராகப் போயிருக்கிறான். முதல் நாளே நூற்றுக்கணக்கில் குதித்து எழும் பஸ்கி. தகரக் கூரை. "விடாதே, விடாதே" என்று கத்துவதற்கு ஆள் இருந்ததே தவிர, நீ நேற்று தூங்கினாயா என்று கேட்க ஆள் இல்லை. மறுநாள் அவனால் படி இறங்க முடியவில்லை. மூன்றாம் நாள் சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் போனதாகப் பயந்துபோய் என்னிடம் வந்து சொன்னான். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

டாக்டர் சொன்ன பெயர் ராப்டோமயோலிசிஸ். பழகாத உடம்பை அளவு மீறி வருத்தினால் தசை நார்கள் உடைந்து, அதிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெயிலும் நீர் வற்றலும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஐந்து நாள் சலைன் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். தாமதித்திருந்தால் டயாலிசிஸ் வரை போயிருக்கும் என்றார்கள். ஐந்து நாள் சம்பளம் போனது தனிக்கணக்கு.

அந்தப் பையனுக்குத் தைரியம் குறைவில்லை. எட்டு மணி நேரம் நின்று உழைப்பவன். குறைந்தது வாத்தியார்தான்.

நான் மேலே சொன்ன வரலாற்றைத் திரும்பப் பாருங்கள். கெர்ஷ்லர் ஒரு மருத்துவரோடு சேர்ந்து இதயத் துடிப்பை எண்ணித்தான் ஓட விட்டார். பரம்பரையில் வாத்தியார் சொல்லாமல் யாரும் மேடை ஏற முடியாது. டபாட்டா ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளவு வைத்தார். சாதித்த இடங்களிலெல்லாம் கடுமை இருந்தது. அதோடு கூடவே படிக்கட்டும் இருந்தது, பார்த்துக்கொள்ளும் கண்ணும் இருந்தது. இன்று பலர் கடுமையை மட்டும் பெயர்த்து எடுத்து விற்கிறார்கள்.

ஆகவே என் தங்கை மகனுக்கு ஒரு விலாசமும் கொடுக்கவில்லை. எந்த இடத்துக்குப் போனாலும் பணம் கட்டும் முன் இந்த நாலையும் பார் என்றேன்:

1. முதல் நாள் உன் உடம்பைப் பற்றிக் கேட்கிறார்களா? தூக்கம், பழைய அடி, சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இதய நோய்?

2. புதியவனுக்கும் பழையவனுக்கும் ஒரே எண்ணிக்கையா? அப்படியென்றால் திரும்பி வந்துவிடு.

3. ஒரு வாத்தியார் எத்தனை பேரைப் பார்க்கிறார்? உன் இடுப்பு தொய்வதைக் கவனிக்க அவருக்கு நேரம் இருக்கிறதா?

4. "இன்று போதும், உட்கார்" என்று அவர் யாரிடமாவது சொல்வதைக் கண்டாயா? ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக நின்று பார். சொல்லத் தெரிந்தவர் என்றால் சேர்ந்துகொள்.

வெயில் காலமாக இருந்தால் உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை பாதி வேகம் போதும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஷிப்டு வேலை பார்க்கும் பிள்ளைகள் இதைப் படித்தால், இரவு வேலை முடிந்த காலையில் முதல் பயிற்சி தூக்கம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சிக்குப் பின் சிறுநீர் நிறம் கறுத்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

தங்கை மகன் மூன்று இடம் பார்த்துவிட்டு நான்காவதில் சேர்ந்திருக்கிறான். முதல் இரண்டு வாரம் வெறும் கையோடுதான் நிற்க வைத்தார்களாம். "என்ன மாமா, காசும் வாங்கிட்டு ஒண்ணும் குடுக்க மாட்டேங்கிறாங்க" என்று குறைப்பட்டான். நல்ல இடம்தான், அங்கேயே இரு என்றேன்.