குறும்பார்வையும் சத்திர சிகிச்சையும்

குறும்பார்வையைக் கத்தியால் தீர்க்க முனைந்தோருள் முன்னின்றவர் யப்பானிய வைத்தியர் சுட்டோமு சாட்டோ. 1940களிலும் 1950களிலும் அவர் விழிவெண்படலத்தின் முன்புறத்தையும் உட்புறத்தையும் கீறினார். பார்வை தெளிந்தது, மூக்குக்கண்ணாடியைத் துறந்தோர் மகிழ்ந்தனர். ஆயின், உட்புறத்து மெல்லிய கலவரிசையே நீரை வெளியேற்றிப் படலத்தைத் தெளிவாகக் காப்பது. அழிந்த அக்கலங்கள் மீண்டும் தோன்றுவதில்லை. பத்து, இருபது ஆண்டுகள் கழிந்தபின் பலருடைய விழிப்படலம் வீங்கி மங்கிற்று. கண்ணாடி அணிதல் ஒரு நோயன்று என்பதை நினைக்குந்தோறும் இவ்விழப்பின் கொடுமை பெரிதாகத் தோன்றும்.

1970களில் மொஸ்கோவில் பியோதரோவ் முன்புறத்தை மட்டும் சக்கரத்தின் ஆரங்கள் போலக் கீறினார். அமெரிக்க ஆய்வாளர் இம்முறையைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1994இல் முடிவை வெளியிட்டனர். சிகிச்சைக்கு ஆறு மாதத்தின் பின்னிருந்த நிலையிலிருந்து, நூற்றுக்கு 43 கண்கள் ஒரு டயொப்டரோ அதற்கு மேலோ நீள்பார்வைப் பக்கம் நகர்ந்திருந்தன.

எக்சைமர் இலேசர் படலத்தைச் செதுக்குகின்றது. மேற்பரப்பிலேயே செதுக்கினால் நோவு மிகுதி. தெளிவும் மெல்லவே வரும். மடல் திறந்து கீழே செதுக்கும் லாசிக் முறையிலோ பெரும்பாலும் மறுநாளே பார்வை தெளியும். அவ்விரைவே அதற்குப் புகழ் தந்தது. ஆண்டுகள் செல்ல, இரண்டின் பார்வைப் பேறும் ஏறக்குறைய ஒன்றாகவே காணப்பட்டது. வெட்டிய மடல் மட்டும் பழைய வலிமையோடு ஒட்டுவதில்லை. அரிதாகச் சிலருக்குப் படலம் முன்தள்ளிப் பிதுங்குவதை 1998இல் வைத்தியர் எடுத்துரைத்தனர். அதனாலேயே படலத்தின் தடிப்பையும் வடிவையும் முதலில் அளக்கின்றனர். மெல்லிய படலமுடையோர்க்கு மடல் வெட்ட மறுக்கின்றனர்.