மேட்டுநில தேசம் எத்தியோப்பியா - 9
ஊற்றை மறித்த பேரரசி

இந்த வாரம் இத்தாலியரோடு நடந்த அத்வா போர் என்று சொல்லியிருந்தேன். அதற்குமுன் மெக்கெல்லேயில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அங்கேதான் பேரரசர் மெனெலிக்கின் மனைவி, பேரரசி தய்து பெதுல் தன் கைவரிசையைக் காட்டினார்.

1896 ஜனவரி. இத்தாலியோடு மெனெலிக் செய்திருந்த வூச்சாலே ஒப்பந்தம் முறிந்துபோயிருந்தது. மஸாவா துறைமுகத்திலிருந்து மலையேறி வந்த இத்தாலியர்கள் திக்ராயின் மெக்கெல்லேயில் கோட்டை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். தளபதி மேஜர் கல்யானோ. சுற்றிலும் பேரரசர் மெனெலிக்கின் பெரும்படை. அம்ஹாரர், ஒரோமோக்கள், திக்ராயர் என்று பல இனத்தார் அதில் இருந்தார்கள். நேற்றுவரை தங்களுக்குள் வெட்டிக்கொண்ட சிற்றரசர்கள் ஒன்றுசேர மாட்டார்கள் என்று ரோம் போட்ட கணக்கு பொய்த்துப்போனது.

அந்தப் படை திரண்டதே பெரிய காரியம். 1888இல் வெக்கை நோய் புகுந்து மாடுகளை வாரிக்கொண்டு போயிற்று. இத்தாலியர் இந்தியாவிலிருந்து இறக்கிய மாடுகளோடு வந்த நோய் அது என்பார்கள். ஏரில் பூட்ட எருதில்லை, தெஃப் தானியம் விளையவில்லை. 1892வரை நீண்ட பஞ்சத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். அடுத்த நான்கே ஆண்டுகளில் இப்படி ஒரு படை!

ஆனால் கோட்டை அசையவில்லை. மோதி மோதி ஆட்கள் செத்ததுதான் மிச்சம். தய்து வேறு வழி பார்த்தார். அந்த மேட்டுநிலத்தில் பெருமழை ஜூனிலிருந்து செப்டம்பர்வரைதான். ஜனவரியில் ஊற்றுதான் கதி. கோட்டைக்காரர்கள் குடித்த ஊற்றோ மதிலுக்கு வெளியே இருந்தது. அதைப் பிடிக்கச் சொன்னவர் தய்து. பிடித்துக் காத்தவர்கள் அவருடைய சொந்தப் படையாட்கள். உள்ளே தண்ணீர் அளந்து கொடுக்கும் நிலை வந்தது. பீரங்கிக்கு மசியாத கல்யானோ தாகத்துக்கு மசிந்தார். அந்த மாதம் முடிவதற்குள் கோட்டை கைமாறியது.

ஊற்றின் அருமை தய்துவுக்குப் புதிதல்ல. 1886இல் என்டோட்டோ மலையடிவாரத்து வெந்நீர் ஊற்றருகே ஒரு வீடு கட்டச் சொன்னவரும் அவரே. அந்த இடம்தான் இன்றைய தலைநகர் அடிஸ் அபாபா. வூச்சாலே ஒப்பந்தத் தகராறில் இத்தாலியத் தூதரிடம் விட்டுக்கொடுக்காமல் நின்றவரும் அவர்தான். மெனெலிக் சமரசம் தேடிய நேரங்களில்கூட தய்து தளரவில்லை. மெனெலிக்கைப் புகழ நூறு பேர் இருக்கிறார்கள். ஆனால் அத்வாவை வென்ற அதே மெனெலிக், மறு ஆண்டே காப்பியின் தாயகமான கஃபா அரசை அடித்து விழுங்கினார். அவரை அப்பழுக்கற்ற நாயகன் என்று என்னால் எழுத முடியாது. அத்வா வெற்றியில் தய்துவின் பங்கு கணவருடையதற்குக் குறைந்ததல்ல என்பதே என் முடிவு.

சரணடைந்தவர்களை மெனெலிக் உயிரோடு போகவிட்டார். விடுதலையான கல்யானோ மீண்டும் படையோடு வந்து, மார்ச் 1 அன்று அத்வாவில் இறந்தார். அந்த நாளின் கதை அடுத்த இதழில்.